முன்படுக்கையார் குடித்த பெருமூச்சுகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேண்டுமானால் கொதிக்கிற எண்ணெயில் கையை விட்டே சொல்லலாம். எண்ணெயைக் கொஞ்சம் ஆறவைத்துக் கொடுத்தால் போதும். கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. குறைத்துச் சொன்னது மட்டும் கொஞ்சம் உண்டு. முழுவதையும் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அந்த ஊரில் சலவைக் கடைக்கு மேல்மாடியில் முன்படுக்கையார் இருந்தார். அவரைப் பார்க்க நின்ற வரிசை மாடிப்படி முப்பத்திரண்டையும் இறங்கி, தெருவுக்கு வந்து, தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடியும் சலவைக் கடை வாசலுக்கே வந்து முடிந்தது. கடைசியில் நிற்பவர் கையை நீட்டினால் மூன்றாம் படியில் நிற்பவரின் சட்டையைத் தொடலாம். அப்படித் தொட்டுவிட்டு, தம் முறை வந்துவிட்டதென்று ஆனந்தக் கண்ணீர் விட்டவர்களும் உண்டு.

எல்லார் கையிலும் போன். போனில் ஒரு வீட்டின் படம். படத்தில் தென்னை மரம், நீலக் கடல், வராந்தாவில் இரண்டு நாற்காலி. ஊரோ சிமெண்டு ஆலை ஊர். தும்மினால் சுவர் எழும்பும். அதனால் ஆண்டுக்கு ஒரு வாரம் கடலோரத் தீவில் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டு வருவார்கள். முன்பெல்லாம் குழாயில் தண்ணீர் வருமா, கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டு வீடு பிடித்தார்கள். அது அறிவு வளராத காலம்.

முன்படுக்கையார் வந்து அறிவை வளர்த்தார். படம் இருக்கும் போனை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். போனைக் காதில் வைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. எதிர்முனையில் யாருமே இல்லாதபோது வைத்துக்கொண்டு “ம்... ம்...” என்றாரே, அதுதான் அதிசயம்.

“விடுமுறை வீட்டுக்குப் போறவங்க எல்லாரும் கடைசி நாள் என்ன பண்றாங்க? வாசல்ல நின்னு ஒரு பெருமூச்சு விடறாங்க. ‘ஐயோ, முடிஞ்சுபோச்சே’ன்னு. அந்தப் பெருமூச்சு எங்க போகும்? எங்கயும் போகாது. சுவத்துல ஒட்டிக்கும். அடுத்து வர்றவன் அதைத்தான் இழுக்கிறான். வேலை போகுது, முடி கொட்டுது, மருமகன் பேசறதில்ல. எல்லாம் எதனால?”

“பெருமூச்சு” என்று கூட்டம் பெருமூச்சு விடும்.

இதற்குப் பரிகாரம் ஒன்றே ஒன்று. வீடு எடுத்தவருக்கு முன்னால் முன்படுக்கையார் அங்கே போய்ப் படுத்து, அந்தப் பெருமூச்சுகளைத் தாமே குடித்துவிட வேண்டும். எத்தனை நாள் படுக்க வேண்டும் என்பதைப் படம் சொல்லும். ஏழு நாள் வாடகைக்கு எடுத்தால் முதல் நான்கைந்து நாள் அவர் படுப்பார். மிச்ச நாள் உங்களுடையது. இதற்காக ஒரு காசு வாங்கமாட்டார். கை நீட்டிக் காசு வாங்காத மகான் என்று ஊரே உருகியது. அவர் நீட்டியது காலை மட்டும்தான்.

ஒவ்வொரு முறையும் தீவிலிருந்து திரும்பும்போது கறுத்துப்போய் வருவார். மூக்கு நுனியில் தோல் உரிந்திருக்கும். “பாருங்க, எத்தனை பேரோட துக்கம்” என்று மூக்கைக் காட்டுவார். பெண்கள் விம்முவார்கள். எடையும் கூடியிருக்கும். பெருமூச்சு கனமான வஸ்து என்று விளக்கம் சொன்னார், வரிசையை ஒழுங்குபடுத்திய அவருடைய மச்சான்.

அந்த வரிசையில் அன்று ஒரு லிஃப்ட் மெக்கானிக் மனைவியோடு நின்றார். கெட்டிக்காரர். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பிக்கயிற்றை இழுத்துப் பார்க்காமல் எந்த லிஃப்டிலும் கால் வைக்கமாட்டார். சாயங்காலம் வேலை முடிந்து கையைக் கழுவும்போது மட்டும் அறிவையும் சேர்த்துக் கழுவிவிடுவார்.

மூன்று வருடமாக அவர் முன்படுக்கையாரின் பக்தர். முதல் வருடம் ஏழு நாளில் ஐந்து நாளை ஐயா குடித்தார். அடுத்த வருடம் ஆறு. போன வருடம் ஆறரை. கடைசி நாள் நண்பகலில் போய் இறங்கி, பெட்டியைத் திறக்காமலேயே வராந்தாவில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சாயங்கால ரயிலுக்கு ஓடிவந்தார்கள். “எவ்வளவு சுத்தமான காத்து, பாத்தியா” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் மெக்கானிக். மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் சொன்னாள்.

“என்னங்க, காலையில கடல் எப்படி இருக்கும்?”

“கடல் கடல் மாதிரிதான் இருக்கும்.”

“எனக்கு மறந்தே போச்சு. போன வருஷம் நான் பாத்தது மத்தியானம் பன்னண்டு மணிக் கடல். வேகாத வெயில். இந்தத் தடவை ஏழு நாளும் விடிகாலையில கடல்ல கால் வச்சு நிக்கப் போறேன். நீங்க வந்தா ரெண்டு பேரா. இல்லன்னா நான் மட்டும். நீங்க உங்க ஐயா மூக்கைப் பாத்துக்கிட்டு இங்கயே இருங்க.”

குரலை உயர்த்தாமல் சொன்னாள். குரலை உயர்த்தியிருந்தால் மெக்கானிக் சமாளித்திருப்பார். கடைசியில், “ஒரே ஒரு தடவை நீயும் வந்து ஐயாகிட்ட கேளு. அவர் வாயால கேட்டா உனக்கே புரியும்” என்று கெஞ்சினார்.

“வரேன். ஆனா நான் ஒரு படம் காட்டுவேன். அதையும் கேக்கணும்.”

“தாராளமா.”

மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வது, அவர்கள் பயந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது, வாரம் ஒருமுறை மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது. வரிசையில் நின்ற அன்று சனிக்கிழமை; அவளுக்கு அரைநாள்தான் வேலை.

அவர்கள் முறை வந்தது. மேலே கூடம் நிறைய ஆட்கள். முன்படுக்கையார் மெத்தை மேல் சாய்ந்திருந்தார். மெக்கானிக் தாம் பார்த்துவைத்திருந்த வீட்டைக் காட்டினார். நீலக் கதவு, இரண்டு அறை. ஐயா காதில் வைத்தார். முகம் சுருங்கியது.

“எத்தனை நாள் எடுக்கப் போறீங்க?”

“ஏழு நாளுங்க ஐயா.”

“ஆறே முக்கால்.”

“மிச்சம் கால் நாள் இருக்கேம்மா” என்று மெக்கானிக் மனைவியைப் பார்த்து மகிழ்ந்தார். அவள் தன் போனை நீட்டினாள்.

“ஐயா, இதையும் கொஞ்சம் கேளுங்க.”

படத்தில் வளைந்த வாசல் வைத்த வெள்ளை வீடு. பக்கத்தில் ஒரு தென்னை. சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் நீலம். முன்படுக்கையார் கண்ணிலும் அந்த நீலம் ஒரு கணம் வந்து போனது. காதில் வைத்தார்.

“தண்ணிச் சத்தம் கேக்குது.”

“கேக்கும் ஐயா. தண்ணி ரொம்பப் பக்கம்.”

“இந்த வீட்டை எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னாடி தங்கியிருக்கேன்.”

“அப்படிங்களா. தண்ணி வசதி எப்படிங்க?”

“குறையே கிடையாது. எந்த நேரமும் தண்ணி.”

“அக்கம்பக்கம்?”

“தங்கமான மனுஷங்க. வாயே திறந்து பேசமாட்டாங்க. அவங்க உண்டு, அவங்க வேலை உண்டுன்னு போவாங்க, வருவாங்க.”

“கொசு?”

“ஒண்ணு தப்பாது. வந்தா உடனே காலி.”

இந்த மூன்று பதிலிலும் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவர் வாழ்நாளில் அவ்வளவு உண்மையை அதற்குமுன் ஒரே மூச்சில் பேசியதில்லை.

“ஆனா தாயி,” என்று குரலைத் தாழ்த்தினார், “இதுல பெருமூச்சு ரொம்ப ஆழம். மேல மேல குமிழ் விடற மாதிரி வருது. கால் நாள்கூட நீங்க அந்தப் பக்கம் போகக் கூடாது. ஏழு நாளும் நானே படுக்கணும்.”

“நீங்களேவா?”

“நானே.”

“கால நீட்டி?”

“நீட்டித்தான் படுக்கணும். மடக்கினா மூச்சு ஏறாது.”

அவள் கணவரிடம் திரும்பினாள். “சலவைக் கடையில ஒரு சாமான் வச்சிருக்கேன். துண்டு போட்டு மூடியிருக்கும். அலுங்காம தூக்கிட்டு வாங்க.”

மெக்கானிக் போய்த் தூக்கினார். நல்ல கனம். உள்ளே தண்ணீர் தளும்பியது. பத்தொன்பதாம் படியில் துண்டு நழுவி விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வளைந்த வாசல் வைத்த வெள்ளை வீடு இருந்தது. நான்கு விரற்கடை உயரம். பக்கத்தில் பிளாஸ்டிக் தென்னை. வீட்டு வாசலிலிருந்து ஒரு மஞ்சள் மீன் எட்டிப் பார்த்தது. மனைவியைக் கூட்டிவரப் பல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், மாலை தவறாமல் அவர் பார்த்த மீன்.

பத்தொன்பதாம் படியில் அவர் சற்று நேரம் நின்றார். ஐந்தும் ஆறும் பதினொன்று; ஆறரை சேர்த்தால் பதினேழரை. பதினேழரை விடியற்காலை. மிச்சப் படிகளை இரண்டிரண்டாக ஏறினார்.

தொட்டியை ஐயாவின் மெத்தைக்கு முன்னால் வைத்தார்.

“ஐயா, வீடு வந்திருச்சு” என்றாள் மனைவி. “கால நீட்டிப் படுங்க.”

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். விழுந்தது, வரிசையில் நின்ற தையல்கார அம்மாவின் ஊசி.

இந்த இடத்தில் கூட்டம் பொங்கி எழுந்தது என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. பக்தி என்பது பொடி வைத்தால் தும்முகிற மூக்கு இல்லையே. மச்சான் முன்னால் வந்தார்.

“ஐயா நெனச்சா உடம்பைச் சுருக்கிக்குவாரு. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

எல்லாரும் தள்ளி நின்றார்கள். சிலர் குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். “மீனை எடுத்துட்டா ஐயாவுக்கு இன்னும் தாராளமா இருக்குமே” என்றார் ஒரு பெரியவர், உண்மையான அக்கறையோடு. கால் மணி நேரம் போனது. முன்படுக்கையார் சுருங்கவில்லை. முகம் மட்டும் சுருங்கியது. ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்தார்.

“தண்ணி சில்லுன்னு இருக்கு. இன்னிக்கு வேணாம்.”

“ஐயா,” என்றாள் தையல்கார அம்மா, “நாலு வருஷத்துக்கு முன்னாடி இதுலதான் தங்கினேன்னீங்களே. அப்ப வெந்நீரா?”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பொல்லாதது; அதைப் படி இறங்கவிட்டால் தெருவைச் சுற்றிவிடும்.

மெக்கானிக் தம் போனை எடுத்தார். “ஐயா, நான் ஒண்ணும் தெரியாதவன். லிஃப்ட்ல ஏறணும்னா கயித்தை இழுத்துப் பாப்பேன். உங்களை இழுத்துப் பாக்காம மூணு வருஷம் தொங்கிட்டேன். இப்ப இந்தப் படத்தைக் கேட்டுச் சொல்லுங்க.” காட்டியது போன வருட வீடு; அவர்கள் அரை நாள் தங்கிய அதே வீடு, வாடகை விளம்பரத்தில் இருந்த பின்புறப் படம். தடுமாற்றத்தில் ஐயா அதையும் காதில் வைத்து, “இது கன்னி வீடு. இன்னும் யாருமே படுக்கல. நான் முதல்ல...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க ஆறரை நாள் படுத்தீங்க ஐயா. பாயெல்லாம் உங்க எண்ணெய்.”

தையல்கார அம்மா மெத்தைக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்தாள். நீச்சல் கண்ணாடி ஒன்று. ஓலைத் தொப்பி ஒன்று. வெயிலுக்குப் பூசும் களிம்பு மூன்று. வீட்டுப் பெயர் நெய்த துவாலைகள் இருபத்தாறு. பெருமூச்சைத் துடைக்க இருபத்தாறு துவாலை வேண்டியிருந்திருக்கிறது.

முன்படுக்கையார் எழுந்து ஓடினார். ஓடத்தான் வழியில்லை. வரிசை தெருவை இரண்டு சுற்று அடைத்து நின்றதால் அதை ஒட்டியே இரண்டு சுற்றும் ஓட வேண்டியதாயிற்று. ஒவ்வொருவரும், “என்னோட மூணு நாள் எங்க?”, “என்னோட நாலு நாள்?” என்று ஒவ்வொரு கேள்வி கேட்டார்கள். முதல் சுற்று முடிவதற்குள் அவரே பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார். அது எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை. மச்சான் முன்னாலேயே போய்விட்டிருந்தார்.

அத்தோடு ஊர் திருந்திவிட்டது என்றால் அது பொய்யாகிவிடும். பொய்க்கு இங்கே இடமில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஒரு குமாஸ்தா மெதுவாக மெக்கானிக் மனைவியின் பக்கத்தில் வந்து போனை நீட்டினார்.

“அம்மா, அந்த மீன்கிட்ட என் வீட்டையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்.”

“அது பல் வலி மட்டும்தாங்க பாக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் தொட்டியை மூடினாள்.

நீலக் கதவு வீட்டுக்காரருக்கு அவளே போன் செய்தாள். குழாயில் தண்ணீர் வருமா, கொசுவலை உண்டா, கடலுக்கு எத்தனை நிமிட நடை. வருமாம், உண்டாம், ஐந்து நிமிடமாம். போய்ப் பார்த்தால் நடை இருபது நிமிடம். தண்ணீர் வந்தது, கூரை வழியாகவும். ஆனாலும் ஏழு நாளும் அவர்களுடையது. முதல் நாள் விடிகாலையில் பனிமூட்டம், கடலைக் காணோம். இரண்டாம் நாள் இருவரும் தூங்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவள் முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள்.

“எப்படி இருக்கு?” என்றார் மெக்கானிக்.

“சும்மா இருங்க. பதினேழரையில மூணுதான் கழிஞ்சிருக்கு. பதினாலரை பாக்கி இருக்கு.”

ஊராரே, வீட்டின் படத்தைக் காதில் வைத்துக் கேட்பவனிடம் போகுமுன், அதைக் கண்ணால் பார்க்க உங்களுக்கே இரண்டு கண் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். யார் எதைச் சொன்னாலும், எவ்வளவு பெரிய சத்தியம் செய்து சொன்னாலும், நேரில் பார்த்தது யார் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

இந்த விவகாரத்தை நேரில் பார்த்து முழுவதும் எடுத்துச் சொன்னது, அந்த மஞ்சள் மீன்.