மடிப்போர்வையின் நடுவில் இருக்கும் வெள்ளைத் துணி

நாஜு,
பேரிக்காய் பறித்து முடிந்த மறுவாரம்.

மோக்போவில் இருக்கும் என் ஓர்ப்படி, தேசுவின் அம்மா ஓக்புன்னுக்கு, மூத்தவள் மன்ஹோவின் அம்மா எழுதிக்கொண்டது. இங்கே பனி இறங்கத் தொடங்கிவிட்டது, கிம்ச்சி ஊறுகாய்க்கு வைத்த கோஸ் இன்னும் வெட்டவில்லை, அங்கே கடல் காற்று எப்படி என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். பதில் வேண்டாம்.

போனில் பேசுங்களேன் என்றாள் மருமகள். போனில் பேசினால் நீ "அக்கா, அடுப்புல சோறு பொங்குது" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஊர் மூத்தோர் மன்றத்தில் கிழவிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது இந்த வயதில் இது எதற்கு என்று நினைத்தேன். இதற்குத்தான்.

என் எழுபதாவது பிறந்த நாளன்று கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். அப்படி நடக்கவே இல்லை என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது. என் மகன் மன்ஹோ, மருமகள் மிசொன், இந்த மாதம் நுழைவுத் தேர்வு எழுதப்போகும் பேத்தி ஹேரிம், பக்கத்துப் பேரிக்காய்த் தோட்டத்துக் கியேசூன், என் கொழுந்தனார் யோம் பான்சுல், அதாவது உன் வீட்டுக்காரர், பிறகு நீ. சுவரில் படமாக நம் மாமியார். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறந்த நாள் கடற்பாசி சூப்பில் நான் கரண்டியை விட்டிருந்தேன். நீ மூட்டையை அவிழ்த்தாய். "அக்கா, குளிர் வந்தா முட்டி குடையுதும்பீங்கல்ல, மடியில போட்டுக்க ஒட்டுப்போர்வை தச்சேன். நம்ம குடும்பமே இதுக்குள்ள இருக்கு" என்றாய். பஞ்சு வைத்து, வரிவரியாகத் தையல் ஓட்டி, ஓரம் மடித்து. நன்றாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். கியேசூன் வாயில் வைத்த அரிசிப் பலகாரத்தை விழுங்காமலே, "அடியாத்தி, இது கையா வேறென்னமா! என் மருமக ஒரு பொத்தான் அறுந்தா சட்டையையே தூக்கிப் போடுறா" என்றாள். நீ விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாய். இந்த அவுரி நீலம் போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரரின் கால்சட்டை, இந்தச் சாம்பல் மாமியாரின் பாவாடை, இந்த மஞ்சள் உன் கல்யாணத்துச் சட்டை. ஹேரிம்தான் கேட்டாள், "நடுவுல இந்த வெள்ளை யாரோடது சின்னப் பாட்டி?" என்று.

நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். "அது உங்கப்பா பொறந்தப்ப போட்ட மொத சட்டை."

கரண்டி சூப்பில் மூழ்கியது. இன்னும் அந்தச் சட்டியை நான் சரியாகக் கழுவவில்லை.

அந்தச் சட்டை எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தொண்ணூறு தாண்டி வாழ்ந்த பெரிய மாமாவின் பழைய உடுப்பை, பிள்ளைக்கும் அந்த ஆயுசு வரட்டும் என்று கேட்டு வாங்கி, வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து தைத்தது. கழுத்துப்பட்டி வைக்காமல், நாடாவுக்குப் பதில் நூலைத் திரித்து, குழந்தைக்கு எங்கும் உறுத்தக் கூடாது என்று ஒவ்வொரு மடிப்பையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத் தைத்தது. பிறப்புச் சட்டையை மார்போடு வைத்துக்கொண்டு எழுதினால் தேறலாம் என்பார்களே, மன்ஹோ ஆசிரியர் கல்லூரித் தேர்வுக்கு அதை உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய் முதல் தடவையிலேயே தேறினான். உன் தேசு அவனுடைய சொந்தப் பிறப்புச் சட்டையை வைத்துக்கொண்டு போய்த் தோற்றான். தோற்றதும் நீ பஸ் ஏறி வந்து இதே கூடத்தில் அழுதாய். "அக்கா, இவன் சட்டைக்கு ராசி இல்ல, உங்க சட்டையக் குடுங்க, தேர்வு முடிஞ்ச அன்னிக்கே கொண்டாந்துடுறேன்" என்றாய். கொடுத்தேன். தேறினான். அன்றைக்கே கொண்டுவந்தாயா?

மாமியாரின் முதல் திதிக்குக் கேட்டேன், "தொவச்சுக் காயப்போட்டிருக்கேன்" என்றாய். எந்த ஊரில் ஒரு குழந்தைச் சட்டை குளிர்காலம் முழுக்கக் காய்கிறது? கிம்ச்சி போட வந்தபோது கேட்டேன், "பெட்டி அடியில இருக்கு" என்றாய். தேசுவின் கல்யாணத்தில் எல்லார் எதிரிலும் கேட்டேன், "வீடு மாத்துனதுல எங்கயோ" என்று மிளகாய் விழுது கிண்டப் போய்விட்டாய். கடைசியில் ஒட்டுத்துணியாக்கிப் பரிசு என்று என் மடியிலேயே போடுகிறாய். என் பொருளை எனக்கே வெட்டித் தைத்துக் கொடுத்து அதற்கு என்னிடமே நன்றியும் வாங்கப் பார்த்தாய்!

மன்ஹோ, "விடுங்கம்மா, பொறந்த நாளும் அதுவுமா" என்றான். உன் சட்டைடா அது என்றேன். "இப்ப எனக்குப் பத்தாதும்மா" என்றான். இவனைத் தேற வைத்ததற்கு அந்தச் சட்டையே வருத்தப்பட்டிருக்கும். உன் வீட்டுக்காரர் இருக்கிறாரே, புளிக்க வைத்த திருக்கை மீனைத் தட்டுத் தட்டாகக் காலி செய்துகொண்டே, "அண்ணி, ஒரு துண்டுத் துணிக்கு இவ்வளவு மூஞ்சியத் தூக்கணுமா? பொம்பளைங்களே இப்படித்தான். அந்தத் தட்ட இப்படித் தள்ளுங்க" என்றார். அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த ஊமை முகம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடி என்று அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். திருடி.

ஒன்றை மறந்துவிடாதே. நீ புதுப்பெண்ணாக வந்தபோது, இடது கையால் தைக்கிறாள், தையலெல்லாம் காற்றடித்த நாற்று மாதிரி எதிர்ப்பக்கம் சாய்கிறது என்று மாமியார் உன் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினார். சாய்ந்தாலும் பிரியாது, விடுங்கள் என்று அவரிடம் வாதாடியது யார்? நான். அந்தக் கைதான் என் பிள்ளையின் சட்டையை வெட்டியது.

ஹேரிமுக்குத் தேர்வு அடுத்த வாரம். தேர்ச்சியும் அப்படி ஒட்டிக்கொள்ளட்டும் என்று பள்ளிக்கூட வாசலில் ஊரே பிசின் மிட்டாய் ஒட்டும், என் பேத்தி மட்டும் வெறும் மார்போடு போவதா? கத்தரிக்கோலை எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் உன் போர்வையைப் பிரித்து அந்த வெள்ளையை எடுத்து அவளுடைய உள்சட்டையில் தைக்கப்போகிறேன். மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறேன், உன் முட்டிக்குப் போட்டுக்கொள். இந்த வருஷம் கிம்ச்சிக்கு வராதே. என் திதிக்கும் வராதே. வந்தால் எழுந்து உட்காருவேன்.

பெரியவளாக உன்னை ஆசீர்வதித்து முடிக்க வேண்டும். தேசுவும் அவன் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். உன்னை மட்டும் விட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மன்ஹோவின் அம்மா

பின்குறிப்பு: பிரித்தேன். ஒரு மூலைதான். அந்த வெள்ளையின் உள்மடிப்பில் பழைய தோள் தையல் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். நாற்று எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. ஓக்புன், அது என் தையல் இல்லை. அது தேசுவின் சட்டை. உன் பிள்ளைக்கு நீ தைத்ததை ஏனடி வெட்டினாய்?

உன்னைக் கேட்டால் சொல்ல மாட்டாய். அதனால் கோஸ் ஏற்ற ஆள் வேண்டும் என்று பொய் சொல்லி உன் வீட்டுக்காரரை வரவழைத்தேன். வெள்ளைத் துணியை முகத்துக்கு நேரே நீட்டி, டேய் பான்சுல், என் பிள்ளை சட்டை எங்கேடா என்றேன். என் கையில் ஊசி இருந்தது, அதனால் சீக்கிரம் சொன்னான். "அண்ணி, பையனப் பாஸ் ஆக்குன சட்டையாச்சே, பூச்சீட்டுச் சூதாட்டத்துக்கும் பலிக்கும்னு யோங்சான்போவுக்குக் கோட்டுக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போனேன். மொதல்ல நல்லாத்தான் வந்திச்சு. அப்புறம் கோட்டையே வெச்சு ஆடிட்டேன்." சட்டையும் கோட்டோடு போனதா? "அதான் சொல்றேனே." பிறகு? "தேசு அம்மா ஒருத்தர்கிட்டயும் சொல்லல அண்ணி. தெரிஞ்சா அக்கா உங்களப் படியேத்த மாட்டாங்க, கேட்டா நான் பார்த்துக்கிறேன்னுட்டா. இப்ப ஹேரிம் தேர்வுக்காவது நீங்க ஒரு துணியத் தேடாம இருக்கணும்னுதான் தேசு சட்டைய வெட்டித் தச்சா."

இத்தனை வருஷமும் திட்டு வாங்கியது நீ. திருக்கை தின்றது அவன்.

ஒரு தடவை தோற்ற சட்டையை எப்படிக் கொடுத்தனுப்புவது என்று ஹேரிமிடம் கேட்டேன். "தேசு சித்தப்பா மறுபடி எழுதிப் பாஸ் ஆனாருல்ல பாட்டி? தேர்வு அறையில குளிரும், நான் போர்வையையே எடுத்துட்டுப் போறேன், எல்லாரும் மடியில உக்காந்துக்கட்டும்" என்றாள். ஆனால் நான் பிரித்த மூலை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. தைத்துப் பார்த்தேன், என் வலக்கைத் தையல் அங்கே ஒட்டவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை உன் ஊசியோடு வந்து நீயே தை. கிம்ச்சிக்கும் இருந்துவிட்டுப் போ.

மேலே எழுதியதைக் கிழிக்கப் போவதில்லை. அவ்வளவையும் எழுத எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது, வைததில் தப்பும் ஒன்றும் இல்லை. நீ என்று நான் எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் உன் புருஷன் பேரைப் போட்டுச் சத்தமாகப் படி. திருடி என்பதைத் திருடன் என்று மாற்றிக்கொள். அவன் இப்போது என் முற்றத்தில் கோஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறான், உறையை ஒட்டி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். என் ஆசீர்வாதம் உனக்குத்தான், இரண்டு கையையும் தலையில் வைத்துக் கொடுத்ததாக நினைத்துக்கொள். எழுபது வயதில் யாரையும் மன்னித்துவிடலாம், ஒருவனைத் தவிர. யோம் பான்சுல்.