உப்பு வெளுத்ததும் மாமா எடுத்த புடவை கறுத்ததும்

உப்பளம் உள்ள ஊரில் பிறந்தவனுக்கு வெள்ளை நிறத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையால் என் அக்கா கல்யாணம் நிற்கப் பார்த்தது.

மரக்காணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. அக்காவையும் மாப்பிள்ளையையும் உப்பளத்து வரப்பில் நடக்கவிட்டு, ஒரு சாயங்காலம் நானே வீடியோ எடுத்தேன். அக்கா கட்டியிருந்தது, நிச்சயத்துக்கு ஏழுமலை மாமா எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டு. மாமா என் அம்மாவின் தம்பி. காஞ்சிபுரம் வரை போய், கடையில் இருந்த புடவைகளை எல்லாம் இறக்கச் சொல்லிப் பார்த்து எடுத்தது. (கூடப் போன அத்தை வெட்கப்பட்டுக்கொண்டு இன்றுவரை அந்தக் கடைப்பக்கம் போவதில்லை.)

அக்கா கல்யாண வீடியோவுக்கு மவுஸை வைத்துக் கலர் சரிசெய்வது கௌரவக் குறைச்சல் என்று தோன்றியது. பெரிய முதலியார்சாவடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன் பாஸ்கரிடம் கலர் பேனலை இரவல் வாங்கினேன். கீபோர்டு மாதிரி ஒரு பெட்டி. அதன்மேல் மூன்று பந்துகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். இடது பந்து படத்தில் இருட்டான இடங்களுக்கு, வலது பந்து வெளிச்சமான இடங்களுக்கு, நடுப்பந்து மிச்சத்துக்கு. பந்தை உருட்டினால் நிறம் மாறும். வளையத்தைத் திருப்பினால் வெளிச்சம் கூடும், குறையும்.

"மொதல்ல படத்துல எது வெள்ளைன்னு பாரு. அதை வெச்சு மத்ததைச் சரி பண்ணு. மெதுவா உருட்டுடா" என்றான் பாஸ்கர்.

எது வெள்ளை என்று என்னிடமா கேட்பது? அக்காவுக்குப் பின்னாலேயே உப்புக் குவியல் இருந்தது. சாயங்கால வெயிலில் அது ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. எங்கள் ஊர் உப்பு ஆரஞ்சா? குவியல் பளிச்சென்று வெளுக்கும்வரை மூன்று பந்துகளையும் நீலத்தின் பக்கம் உருட்டினேன். உப்பு இன்னும் எடுப்பாகத் தெரியட்டும் என்று இருட்டுக்கான வளையத்தையும் நன்றாக இறக்கினேன். (விமானம் ஓட்டுகிறவன் முகபாவம் வேறு.) ஒரே படத்தை மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தால் எந்த நிறமும் சரியாகத்தான் தெரியும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று நான் உப்பை மட்டுமே பார்த்தேன், அக்காவைப் பார்க்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் பெரிய எல்இடி திரை வைத்திருந்தோம். கிளியனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்றே லேப்டாப்போடு பேனலையும் மேஜைமேல் பரப்பி வைத்து வீடியோவை ஓடவிட்டேன். உப்பு ஜொலித்தது. அதற்கு முன்னால் கறுப்புப் புடவையில் என் அக்கா நின்றாள்.

"ஏங்க, நிச்சயத்துக்குக் கறுப்புலயா புடவை எடுத்தாங்க?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அது மாமா காதிலும் விழுந்தது.

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் எழவுக்கா புடவை எடுத்தேன்? இத்தினி பேர் முன்னால அசிங்கப்படுத்திட்டீங்க. காலைல பொண்ணைக் கையைப் புடிச்சு இட்டுக்கினு வர வேற ஆளைப் பார்த்துக்குங்க. நான் போறேன்."

தாய்மாமன் கைபிடித்து அழைத்து வராமல் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் மணவறையில் உட்கார்ந்ததில்லை. அம்மா ஓடிப்போய் மாமாவை மறித்தாள். மேடையில் அக்கா அழ ஆரம்பித்தாள். நான் மேஜையிலிருந்து எழுந்து கத்தினேன்.

"மாமா, புடவை அரக்குதான். நான்தான் கலரை மாத்திட்டேன்!"

"பட்டுக் கலரை நீ எப்படிடா மாத்துவ?"

வீடியோவை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி ஆக்குகிற பட்டனைத் தேடினேன். பதற்றத்தில் வேறு எதையோ அமுக்கினேன். நிறமெல்லாம் போய் அக்காவும் மாப்பிள்ளையும் கறுப்பு வெள்ளையில் நின்றார்கள். "இப்போ மொத்தமும் போச்சா?" என்றார் மாமா. எப்படியோ நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்ததும் என்னை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார்.

"எதைடா திருகணும்?"

காட்டினேன். மாமா நடுப்பந்தின்மேல் உள்ளங்கையை வைத்துச் சிவப்பின் பக்கம் ஒரே தள்ளாகத் தள்ளினார். "இன்னும் கொஞ்சம், மாமா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். பிறகு மண்டபமே யோசனை சொன்னது. ஒருவழியாகப் புடவை அரக்கானபோது உப்புக் குவியல் மிளகாய்த்தூள் ஆகியிருந்தது. மாப்பிள்ளை முகம் வேகவைத்த இறால் நிறத்தில் இருந்தது.

"இதாங்க நான் எடுத்தது. நல்லா பார்த்துக்குங்க" என்றார் மாமா, சபையைப் பார்த்து.

"நல்ல கலருதாங்க" என்று பெரியம்மா ஒப்புக்கொண்டார். மறுநாள் காலையில் மாமா அக்காவைக் கைபிடித்து அழைத்து வந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் வீடியோவில் இனி யாரும் கைவைக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. இன்றுவரை அது அப்படியேதான் இருக்கிறது.

போன வருஷம் அக்கா மகளுக்குக் காது குத்தினோம். இப்போது தாய்மாமன் நான். குழந்தையை என் மடியில் வைப்பதற்கு முன்னால், நான் எடுத்து வந்த பட்டுப் பாவாடையை ஏழுமலை மாமா வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பிடித்தார்.

"எல்லாரும் இப்பவே பார்த்துக்குங்க. என் மருமவன் எடுத்தது பச்சை. பின்னால வீடியோவுல எந்தக் கலர்ல வந்தாலும் எடுத்தவன் பொறுப்பில்ல."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அக்கா புருஷன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றார்.

"அப்படியே என் கலரையும் ஒருவாட்டி சொல்லிடுங்க."