சந்தேகம் சார் எண்ணிய எங்கள் தெரு

உலகத்தில் யாரையுமே நம்பாத ஒரே ஆள், காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுக்காரத் தெருவுக்கு ஆள் கணக்கெடுக்க வந்த சந்தேகம் சார்தான். பேர் நாங்கள் வைத்தது. சொந்தப் பேரையே ஆதார் கார்டைப் பார்த்துத்தான் சொல்வார் என்று பேச்சு.

"நாலு பேர்" என்றால் எழுத மாட்டார். வாசல் செருப்பைப் பார்ப்பார், கொடியில் காயும் சட்டையைப் பார்ப்பார். பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் குக்கரைத் திறந்து, "நாலு பேருக்கு இவ்ளோ சோறாம்மா? ஏன் அடுப்ப மறைச்சிக்கினு நிக்கிற?" என்று கேட்டாரே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

அதைவிட அதிர்ச்சி, அவர் சந்தேகம் சரிதான். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று எங்கள் தெருவில் எல்லோருமே ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வோம்.

அது வினையாய் முடிந்தது. பழைய கணக்கில் பிள்ளைகள் கம்மி என்று தெருவிலிருந்த பால்வாடியை மூடப்போகிறார்களாம். அடுத்த பால்வாடி பஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரி பறக்கிற ரோடு! மகளைப் பால்வாடியில் விட்டுத்தான் நான் ஏனாத்தூருக்கு வேலைக்குப் போகணும்.

"வாயால சொல்றத நம்ப மாட்டேன்மா, கண்ணால பாத்து எழுதறேன்" என்று சார் காலையிலேயே வந்து நின்றார். தெருவில் பாவு நீட்டுகிற நேரம். பட்டு நூலை நீளமாக இழுத்துப் பிடிக்க வாண்டு உட்பட எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவோம். அடுத்தடுத்த நாளும் வந்து, அன்றைக்கு யார் வீட்டுப் பாவோ அந்த வீட்டுக் கணக்கில் நின்ற தலைகளையெல்லாம் டேப்லெட்டில் ஏற்றினார். யார் வீட்டுப் பாவானாலும் தெருவே போய்ப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

ஐயய்யோ! கூட்டிப் பார்த்தால் தெருவுக்குள் ஒரு ஊரே இருந்தது. என் மகள் பார்த்த வீட்டுக்கெல்லாம் பிள்ளையாகியிருந்தாள்!

"அப்படியே அனுப்பிடுங்க சார், பால்வாடி தப்பிச்சிக்கும்" என்று கெஞ்சினேன்.

"பொய்க் கணக்குல நின்னா நாளைக்கே மூடிடுவாங்கம்மா" என்று என் கண்ணெதிரே மொத்தத்தையும் அழித்தார். பாவி மனுஷன்!

மறுநாள் கேள்வியையே மாற்றிவிட்டார். "பால்வாடில உங்க வீட்டுக்கு எத்தினி தட்டு வெக்கணும்?" பிள்ளை பட்டினி கிடக்க எந்த அம்மா குறைத்துச் சொல்வாள்? ஒளிந்திருந்த பிள்ளையெல்லாம் கணக்கில் வந்தது. அந்த நிஜக் கணக்கே போதும் என்று ஆகி, பால்வாடி பிழைத்தது.

தட்டுக் கணக்கையும் நம்பாமல் சாப்பாட்டு நேரத்தில் பால்வாடிக்கு வந்து, அத்தனை அம்மாக்கள் முன்னாலும் பிள்ளைகளை நோக்கி விரல் நீட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தார். எனக்குப் பகீரென்றது.

மல்லிகா அக்காதான் சொன்னாள்: "நல்லா எண்ணிக்கோங்க சார். உங்க கண்ணு எங்க புள்ளைங்கள ஒண்ணும் பண்ணாது."

வேறு யாரிடமும் எங்கள் தெரு அப்படிச் சொன்னதில்லை.