முதல் ஆல்பம்காரர்

மனிதர்களில் முதல் ஆல்பம்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். எந்த இசைக்குழுவின் பெயரைச் சொன்னாலும் கண்ணை லேசாக மூடி, நாக்கில் மாத்திரை கரைவதற்குக் காத்திருப்பவர் போல ஒரு கணம் இருந்துவிட்டு, "முதல் ஆல்பத்துல இருந்தது இப்ப இல்ல" என்பார். என்ன இருந்தது? அதைக் கேட்கக் கூடாது. குழு இரண்டாவது ஆல்பம் போட்டால் சறுக்கிவிட்டது. மூன்றாவது போட்டால் விலைபோய்விட்டது. ஒன்றும் போடாமல் வீட்டில் இருந்தால் சரக்கு தீர்ந்துவிட்டது. இவரைத் திருப்திப்படுத்த ஒரே வழி, முதல் ஆல்பத்தோடு குழுவைக் கலைத்துவிடுவதுதான்.

நாம் பார்க்கப் போகிறவர் இந்த இனத்தில் முதல் தரம். தொழில், பல் செட் செய்வது. யார் யாருடைய ஈறுகளையோ பிளாஸ்டரில் வார்த்து, சின்ன மோட்டாரால் தேய்த்து, வெள்ளைத் தூள் பறக்க நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். காதில் எப்போதும் இயர்போன். அதில் போஸ்ட்-ஹார்ட்கோர் ராக். கேட்டிராதவர்களுக்குச் சொல்வதென்றால், ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார், பக்கத்திலேயே இன்னொருவர் அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி மெல்லப் பாடுவார், இரண்டு கிட்டார்கள் பங்காளிச் சண்டை போடும், விலக்கிவிட வந்த டிரம்ஸ் தன் பங்குக்கு நாலு சாத்து சாத்தும். அந்தச் சத்தத்தில் பல்லைத் தேய்க்கிறவருக்குக் கை நடுங்காதா? சத்தம் நின்றால்தான் நடுங்கும்.

இவர் வெறும் விசிறி இல்லை. காதில் ஓடுகிற அந்தக் குழுவில் கத்துகிறவனே இவருடைய தம்பி. முதல் ஆல்பத்தை இவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் பதிவு செய்தார்கள். வெளியே சத்தம் கசியாமலிருக்கக் கதவில் மெத்தையைச் சாத்தி, அதை முதுகால் தாங்கி நின்றவர் நம்மவர். அப்படியும் கசிந்தது, அப்பா வந்து கதவை இடித்தார். அந்த ஆல்பத்தில் தன் முதுகும் வாசித்திருக்கிறது என்பது இவருடைய கணக்கு.

அப்பா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இப்போது மூன்றாவது ஆல்பம் தயார். வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பே தம்பி அதை அனுப்பி, கூடவே எழுதியிருந்தான்: கடைசிப் பாட்டை நல்லா கேளுண்ணா, நீ வேண்டாம்னு சொன்னா எடுத்துடுறேன்.

இவர் ஒரு முழு பல் செட்டை முடிப்பதற்குள் இரண்டு முறை கேட்டார். பிறகு கையைக்கூடக் கழுவாமல் ஏழு பத்தி எழுதினார். கோபம் வற்றிவிட்டது. கத்தலையே காணோம். ஒரு கிட்டார் விடுப்பில் போயிருக்கிறது. கடைசிப் பாட்டிலோ ஒன்றுமே இல்லை; ஏதோ லொடலொடவென்று போய்க்கொண்டிருந்து பாதியில் அறுந்து நிற்கிறது, முடிக்கத் தெரியாதவர்கள் ஆரம்பிப்பானேன், எடுத்துவிடலாம். ஏழாவது பத்தி, உங்களுக்கே தெரியும், முதல் ஆல்பத்தைப் பற்றியது.

கத்தலையே காணோம் என்று படித்ததும் தம்பிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வராது. இரண்டாவது ஆல்பத்துக்கும் அண்ணன் அதையேதான் எழுதியிருந்தார்.

வழக்கமாக மல்லுக்கு நிற்கிற தம்பி, இந்த முறை "சரிண்ணா" என்று மட்டும் பதில் போட்டான். ஒரு நாள் போயிற்று, நான்கு நாள் போயிற்று, போன் இல்லை. உண்மையைச் சொன்னால் உறைக்கத்தான் செய்யும் என்று நம்மவர் மனைவியிடம் சொன்னார். மறுநாளும் சொன்னார். மூன்றாம் நாளும் சொன்னபோது, அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது மனைவிக்குப் புரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் மனைவி தன் அக்காவோடு பேச அந்த இயர்போனை எடுத்து மாட்டினாள். மாட்டிய வேகத்தில் கழற்றினாள்.

"ஏங்க, இதுல இடது பக்கம் கேட்கவே இல்லையே. எத்தனை நாளா இப்படி?"

ஓர் ஊக்கை எடுத்துக் குடைந்தாள். மேஜைமேல் வெள்ளையாகக் கொட்டியது.

"இது யாரோட ஈறு?"

நம்மவர் இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். மூன்றாவது ஆல்பத்தில் கத்தலையும் ஒரு கிட்டாரையும் இடப்பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போனார். வலது காதில் பழைய லொடலொட. இடது காதில் முதலில் தம்பி கத்தினான். பிறகு, அன்றைக்குப் பின்னறையில் மைக் தற்செயலாகப் பிடித்து வைத்திருந்த சத்தம்: மெத்தைக்கு அந்தப் பக்கம் கதவு இடிபட, அப்பா.

"டேய், ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா, இல்ல மெயின் ஸ்விட்சை அணைக்கட்டுமா?"

அதோடு பாட்டு அறுந்தது. அப்பா அணைத்தேவிட்டார்.

மனைவி மேஜைத் தூளைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவர் இன்னும் மூன்று முறை அப்பாவிடம் திட்டு வாங்கிவிட்டு, தம்பிக்குப் போன் செய்தார்.

"என்னண்ணா, எட்டாவது பத்தியா?"

"இடது காது அடைச்சிருந்துச்சுடா. இயர்போன்ல பிளாஸ்டர்."



"ஒத்தைக் காதுல கேட்டுட்டா ஏழு பத்தி எழுதின?"

"ரெண்டுலயும் கேட்டிருந்தா பதினாலு எழுதியிருப்பேன்."

அந்தப் பக்கம் சிரிப்புதான் என்று நினைத்தார். மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"அப்பாவைக் கேட்டுட்டுத்தான் ஒண்ணுமே இல்லைன்னு எழுதினியோன்னு நெனச்சேன். இன்னிக்குச் சாயங்காலம் அந்தப் பாட்டை எடுத்துடலாம்னு இருந்தேன்."

"எடுத்தா வீட்டுப் பக்கம் வராதே. எடுக்காதே, அவர் குரலை மட்டும் இன்னும் கொஞ்சம் ஏத்து."

"சரிண்ணா."

இது வேறு சரிண்ணா. அந்த இடத்தில் போனை வைத்திருக்கலாம். ஆனால் இனம் என்று ஒன்று இருக்கிறதே.

"இருந்தாலும், முதல் ஆல்பத்துல..." என்று ஆரம்பித்தார். தம்பி அப்பா பிள்ளை. அணைத்துவிட்டான்.

நல்ல வேளை, நாமெல்லாம் அப்படி இல்லை. ஆனாலும் வாசகரே, இதை இவ்வளவு தூரம் படித்துவிட்டு, பரவாயில்லை, முதல் பத்தியில் இருந்த வேகம் கடைசியில் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால், யாரிடமும் சொல்வதற்கு முன் இடது காதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.