சண்முகரத்தினம் வீட்டு நாலு பேட்டரி

கரண்ட் போனதற்காக யார் மேலாவது போர் தொடுக்கலாம் என்று சட்டம் இருந்திருந்தால் சண்முகரத்தினம் அன்றைக்கே தொடுத்திருப்பார். பூப்பந்து அரையிறுதி ஆட்டம். பதிமூன்றுக்குப் பதிமூன்று. நம்ம பையன் மட்டையை ஓங்கினான். டிவி இருண்டது. விசிறி நின்றது. பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் முழுக்க ஒரே குரலில் "ஐயோ!" என்றது. ஓங்கிய மட்டை என்ன ஆயிற்று என்பதை மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

"மனுஷன் இருக்கிற ஊரா இது?" என்று இருட்டைப் பார்த்துக் கத்தினார். "வானத்துக்குக் கட்டடம் கட்டுறானுங்க, ஒரு பல்பை ஒழுங்கா எரிய வைக்கத் துப்பில்ல!"

"உங்க பந்துதான் போச்சு. என் உளுந்து?" என்று அடுப்படியிலிருந்து மனைவி குணபூசணியின் குரல் வந்தது. கோயில் வடைக்கென்று நாலு கிலோ ஊறப் போட்டிருந்தாள். "கிரைண்டர் ஓடலன்னா நாளைக்கு அங்க என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?"

உளுந்தாவது, மூஞ்சியாவது! அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். அதையும் பேப்பரில் படிப்பதா? "ஊரே இருண்டாலும் என் டிவி அணையாது. இன்வெர்ட்டர் வாங்கப் போறேன்!" என்று அந்த இருட்டிலேயே சபதம் செய்தார்.

சண்முகரத்தினம் ரயில்வே சிக்னல் பிரிவில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மின்சாரம் பற்றிய ஃபைல்கள் முப்பது வருஷம் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. மின்சாரமே தன் கை வழியாகப் போனதாக அவருக்கு நினைப்பு.

"விசிறி எழுபத்தஞ்சு வாட். டிவி தொண்ணூறு. டியூப் லைட் நாப்பது. முன்னூறு வாட் இன்வெர்ட்டர், ஒரே ஒரு லோரி பேட்டரி. முடிஞ்சது கதை!"

"கிரைண்டர்?"

"கிரைண்டரா?" தேள் கொட்டியவர்போல் துள்ளினார். "அது மோட்டர் லோட், தெரியுமா? ஓடும்போது முன்னூத்தம்பது வாட்தான் கேக்கும். கிளம்பும்போது அஞ்சு மடங்கு, ஆறு மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடிக்காக நான் பெரிய இன்வெர்ட்டரும் நாலு பேட்டரியும் வாங்கணுமா? என்ன, முட்டாளா நானு?"

"விசிறியிலயும் மோட்டர்தானே இருக்கு?"

"அது சின்ன மோட்டர்!"

"சரிங்க" என்றாள் குணபூசணி.

முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர் அந்தச் 'சரிங்க'வைக் கேட்டுப் பயந்திருக்க வேண்டும். அவரோ மகிழ்ந்துபோனார். கிள்ளானில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் கன்னையாவுக்கு போன் போட்டுச் சின்ன இன்வெர்ட்டருக்குச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மைமூன் வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் கணவர் அய்யூப் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்.

"அங்கிள், எங்க வீட்டுக்காரரும் இன்வெர்ட்டர் வாங்கலாம்னு சொல்றாரு. எங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது லா. விசிறி, டிவி, லைட்டு, ஒரு கிரைண்டர். எவ்ளோ பெருசு வாங்கணும்?"

ஆலோசனை கேட்டால் சண்முகரத்தினத்துக்குப் பசிகூட மறந்துபோகும். அதுவும் செலவு அடுத்தவருடையது என்றால் அவருடைய தாராளத்துக்கு எல்லையே கிடையாது.

"முதல்ல கிரைண்டரைப் பாரும்மா. மோட்டர் கிளம்பும்போது ஆறு மடங்கு இழுக்கும். ரெண்டாயிரத்து ஐந்நூறு வாட் இன்வெர்ட்டர் வேணும். பேட்டரி நாலு, பெருசா. பேட்டரிய எப்பவும் பாதிக்கு மேல காலி பண்ணக்கூடாது. அதான் நாலு."

"கொஞ்சம் சின்னதா வாங்கினா ஆகாதா, அங்கிள்?"

"சீச்சீ! பொம்பளைங்க அரைக்கிற கிரைண்டருக்குக் கணக்குப் பாக்கிறவன் ஒரு ஆம்பளையா? மிச்சம் பிடிக்கிற இடமா அது?"

"எங்க வைக்கிறது?"

"சார்ஜ் ஏறும்போது காஸ் வரும், தீப்பிடிச்சுக்கும். அடுப்படிப் பக்கமே கொண்டு போகக்கூடாது. ஹால்ல, நல்லாக் காத்து வர்ற ஜன்னல் ஓரமா வைக்கணும்."

குணபூசணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "நல்லாக் கேட்டுக்க, மைமூன். அங்கிள் சொன்னா சொன்னதுதான்."

மனைவி வாயால் இப்படி ஒரு நற்சான்றிதழா! அன்று இரவு அவர் ஒரு கரண்டிச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை கன்னையாவின் லோரி வாசலில் வந்து நின்றது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டு பேர் ஒவ்வொரு பேட்டரியாக இறக்கினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

"அண்ணே, அண்ணே! அது பக்கத்து வீட்டுக்கு!"

"இல்ல பாஸ், இங்கதான்" என்றார் கன்னையா. "ஆன்டி போன் பண்ணி ஆர்டரை மாத்திட்டாங்க. நீங்களே போட்ட கணக்காமே? நல்ல கணக்கு பாஸ்! வீட்டுக்காரிக்காக இவ்ளோ பாத்துச் செய்றவங்க யாரு இருக்கா?"

சண்முகரத்தினம் சண்டைக்கு வாயைத் திறந்தார். அதற்குள் மைமூன் தன் வீட்டு கேட் அருகே வந்து நின்றுகொண்டாள்.

"ஆன்டியோட கிரைண்டருக்கா இவ்ளோ பெருசு? அங்கிள், நீங்கதான் ஆம்பளை!"

திறந்த வாயை மூடத்தான் முடிந்தது. காற்று வரும் ஜன்னல் ஓரம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அங்கே அவருடைய பிரம்பு நாற்காலி இருந்தது. நாலு பேட்டரியும் அந்த இடத்தில் உட்கார்ந்தன. நாற்காலி செருப்பு அலமாரிப் பக்கம் போயிற்று. அங்கிருந்து பார்த்தால் டிவியில் பாதிதான் தெரிந்தது.

"இது துரோகம், குணம்! பச்சைத் துரோகம்!"

"கணக்குப் பாக்கிறவன் ஆம்பளையான்னு ஊரறியக் கேட்டது நீங்கதானே? உங்க பேரை நான் கெடுக்கலாமா?"

"காசு?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன்."

சீட்டுப் பணம் எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். தன் பென்ஷன் தப்பியதில் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

ஞாயிறு இரவு இறுதி ஆட்டம். மூன்றாவது செட்டில், எல்லாரும் எதிர்பார்த்தபடியே கரண்ட் போயிற்று. தெருவே இருண்டது. சண்முகரத்தினம் வீடு மட்டும் பளிச்சென்று எரிந்தது. தெருக்காரர்கள் ஓடிவந்து அவர் ஜன்னலில் முகத்தை வைத்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. உள்ளே கிரைண்டர் கடகடவென்று கிளம்பியது. டிவி அசையவில்லை.

"பாத்தீங்களா? ஆறு மடங்கு இழுத்துச்சு. ஆடிச்சா? அதுக்குப் பேருதான் கணக்கு!"

ஜன்னல் முகங்கள் தலையாட்டின. துரோகத்தைக்கூட அந்த நிமிஷம் அவர் மன்னித்திருப்பார்.

பதினாலுக்குப் பன்னிரண்டு. மேட்ச் பாயிண்ட். நம்ம பையன் பந்தைக் கையில் எடுத்தான். தெருவே மூச்சைப் பிடித்தது. சண்முகரத்தினம் எக்கிக்கொண்டு எழுந்தார்.

டியூப் லைட் துடித்தது. இன்வெர்ட்டர் கீச்சென்று அலறியது. 'டப்'பென்று ஒரு சத்தம். இருட்டு.

"குணம்! அடியே, மேட்ச் பாயிண்ட்! என்ன செஞ்ச?"

"மாவைத் தள்ளி விடலாம்னு நிறுத்தினேன். திரும்பப் போட்டேன். அவ்வளவுதாங்க."

அப்போது பின்பக்கம், நடுச்சுவருக்கு அப்பாலிருந்து மைமூனின் குரல் வந்தது. "ஆன்டி! இப்பதான் போட்டேன், எங்க கிரைண்டரும் நின்னு போச்சு!"

கரண்டே இல்லாத வீட்டில் கிரைண்டர் எப்படி நிற்கும்? டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் பாய்ந்தார். அவர் அடுப்படி ஜன்னலிலிருந்து தடியான வயர் ஒன்று கிளம்பி, சுவரேறி, மைமூன் வீட்டு அடுப்படிக்குள் இறங்கியிருந்தது.

"இது என்ன?"

"பேட்டரிக்குப் பாதிக் காசு அய்யூப் குடுத்தாரு. சும்மா குடுப்பாரா?"

"ஒரு மோட்டருக்குப் போட்ட கணக்குடி அது! ரெண்டும் ஒரே நொடியில கிளம்பினா எந்த இன்வெர்ட்டர் தாங்கும்? ஃபியூஸ் போச்சு! ஞாயித்துக்கிழமை எவன் கடை திறந்து வச்சிருக்கான்? ஒரு பாயிண்ட், ஒரே ஒரு பாயிண்ட்!" ஜன்னலில் நின்ற தெருக்காரர்கள் முனகிக்கொண்டே கலைவது கேட்டது.

குணபூசணி பெருமூச்சு விட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுக்க, மைமூன். எனக்கு அப்பவே சந்தேகம்தான். இந்த மனுஷன் எதையும் சின்னதாத்தான் வாங்குவாரு."