ஜப்பான் டீச்சரிடம் கார் பழகிய கதை

தூத்துக்குடியில் நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகிய யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். ஒரு ஜப்பானிய ராக் பாட்டாவது அவருக்கு முணுமுணுக்கத் தெரிந்திருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், "ரெண்டாவது கியர்" என்பார்.

எல்லாம் ஜப்பான் டீச்சரின் கைங்கரியம்.

டீச்சர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். ஸ்கூல் என்றால் ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் நெற்றியில் சிவப்பு 'எல்' பலகை, பக்கத்து சீட்டின் காலடியில் அவருக்கென்று ஒரு தனி பிரேக். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். நாசரேத் பக்கத்துக்காரர். சர்ச் பாட்டுக் குழுவில் இருபது வருஷம் பாடியவர். கஞ்சி போட்ட காட்டன் சேலை, காலில் ஓட்டப்பந்தய ஷூ. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. எத்தனையோ கப்பலுக்குக் காகிதம் தயார் செய்திருக்கிறேன். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. மனைவிக்கு முழங்கால் வலி. வாரம் ஒருமுறை வைத்தியத்துக்குத் திருநெல்வேலி போக வேண்டும். பஸ் படியில் ஏறும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மருமகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கார் வாசலில்தான் நின்றது. அதில் காக்கா மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் காரைக் கிளப்பியதும் ஸ்டீரியோவில் ஒரு கிடார் மெதுவாக ஆரம்பித்தது. ஒரு பையன் யாரிடமோ ரகசியம் சொல்வதுபோலப் பாடினான். நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்த நிமிஷத்தில், துறைமுகத்தில் பழைய இரும்பை மொத்தமாகக் கொட்டியதுபோல டிரம் இறங்கியது. நான் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன்.

"எதுக்கு அண்ணாச்சி பிரேக்க மிதிக்கிய? பாட்டுதான வருது?"

"என்ன பாட்டு டீச்சர் இது?"

"ஜப்பான்காரன் பாட்டு. நாலு பயலுவ சேந்து பாடுதானுவ."

"என்ன சொல்லுதான்?"

"யாருக்குத் தெரியும்? நீங்க கிளட்ச்ச விடுங்க."

டீச்சரின் பாடத்திட்டமே அந்த நாலு பேரை நம்பித்தான் இருந்தது. அவர்களுடைய பாட்டெல்லாம் ஏறத்தாழ ஒரே வழியில் போகும். கிடார் மட்டும் கேட்கும்போது முதல் கியர். குரல் ஏறினால் இரண்டாவது. டிரம் விழுந்தால் மூன்றாவது. நடுவில் ஓரிடத்தில் சட்டென்று எல்லாம் நின்று ஒரே ஒரு மூச்சு மட்டும் கேட்கும். அங்கே காலை எடுத்துவிட்டு முன்னே யார் குறுக்கே வருகிறார் என்று பார்க்க வேண்டும். பிறகு நாலு பேரும் சேர்ந்து கத்துவார்கள். அது வளைவு இல்லாத நேர் ரோட்டுக்கு.

"நம்ம பாட்டு போட்டா ஆகாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

டீச்சர் சிரித்துவிட்டு ஓர் உப்பள முதலாளியின் கதையைச் சொன்னார். அந்த மனிதர், பழைய சோகப் பாட்டு போட்டால்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தாராம். சரி என்று டீச்சரும் போட்டிருக்கிறார். இரண்டாவது சரணத்தில் முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. கார் நேராகப் போய் உப்புக் குவியலில் ஏறி நின்றது. அவருடைய சொந்த உப்பு.

"புரிஞ்ச பாட்டு மனச எங்கயாவது இழுத்துட்டுப் போயிரும் அண்ணாச்சி. இவன் அப்படி இல்ல. இவன் பாட்டுக்கு ஒரு கவலைய வச்சிருக்கான். அத நம்ம தலையில கட்டல. கூட உக்காந்து வாரான், அவ்வளவுதான்."

இதைவிட நல்ல இசை விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

எனக்கு முன்னால் திரேஸ்புரத்து மீன் வியாபாரி அக்கா ஒருவர், லோடு வண்டி ஓட்டுவதற்காக எட்டே நாளில் பழகிப் போனாராம். முதல் பாட்டைக் கேட்டவுடனே, "ஏளா டீச்சர், இவன் ஏலக்காரன்லா! விலைய ஏத்திக்கிட்டே போறான் பாரு!" என்றாராம். அதன்பிறகு டிரம் வரும் இடமெல்லாம் அவருக்கு வஞ்சிரம் விலைபோகும் இடம். ஒரு தடவைகூட கியர் தவறவில்லை.

எனக்கு எட்டு நாள் போதவில்லை, எட்டு வாரமும் போதவில்லை. ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். பாட்டு ஓடினால் கை, கால், கண் மூன்றும் சேர்ந்து வேலை செய்தன. தேர்விலோ பக்கத்தில் உட்காரும் அதிகாரி முதல் வேலையாக ஸ்டீரியோவை அணைத்துவிடுவார். உடனே என் இடது கால் அநாதையாகிவிடும்.

மூன்றாவது முறையும் அணைத்தார். வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. அதிகாரி பெருமூச்சு விட்டார். மனைவியின் முழங்கால் என் கண்முன் வந்தது.

அப்போதுதான் மைதானத்து வேலிக்கு வெளியே, உடைமரத்தடியிலிருந்து அந்தக் குரல் எழும்பியது. டீச்சர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இருபது வருஷ சர்ச் பழக்கத்தில், ஜப்பானிய மொழியில் பாடிக்கொண்டிருந்தார். சொல்லெல்லாம் சரியா என்று ஜப்பான்காரன்தான் சொல்ல வேண்டும். டிரம்முக்குப் பதில் வேலித் தகரத்தில் இரண்டு கையாலும் அடி.

"யாருய்யா அது? என்ன பாஷை?" என்றார் அதிகாரி.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "ஜெபம் பண்ணுதாங்க போல, சார்."

"உமக்காகவா?"

"ஆமா, சார்."

அதிகாரி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அவ்வளவு உருகுதாங்க. ஒழுங்கா ஓட்டும்" என்றார்.

ஓட்டினேன். எட்டு என்ற எண்ணை அந்த மைதானத்தில் அதுவரை யாரும் அவ்வளவு அழகாகப் போட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை.

லைசென்ஸ் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சரக்கைப் பரிசோதிக்க ஜப்பானிலிருந்து ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வருவதாக இருந்தது. டிரைவர் லீவு. "நீர்தான் லைசென்ஸ் வாங்கிட்டீரே, ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு வாரும்" என்றார் மேனேஜர். நான் நேராக டீச்சரிடம் ஓடினேன். அவருடைய காரும், அவரும், அந்த இரண்டாவது பிரேக்கும் இல்லாமல் போகும் தைரியம் எனக்கு இல்லை.

விமானம் தாமதம். வெளியே டீ குடித்துக்கொண்டே, இந்தப் பாட்டெல்லாம் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். டீச்சர் கப்பைக் கீழே வைத்தார்.

"என் மகளோடது. எப்பப் பாத்தாலும் காதுல மாட்டிக்கிட்டு இதையே கேப்பா. கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஒருநாள் கோவத்துல அந்த ஹெட்போனப் பிடுங்கி எறிஞ்சிட்டேன். உடைஞ்சி போச்சி. அவ ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த மாசம் பெங்களூர்ல வேலைன்னு போயிட்டா."

"பேசுதாளா?"

"பேசுதா. சாப்ட்டியாம்பேன், சாப்ட்டேன்ம்பா. அதோட முடிஞ்சிரும். அவ விட்டுட்டுப் போன பென்டிரைவ் காருல கிடந்துச்சி. இவ இதுல அப்படி என்னத்தக் கண்டான்னு போட்டுக் கேட்டேன். இப்ப மூணு வருஷமாச்சி."

"இத அவகிட்டச் சொன்னீங்களா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல?"

ஜப்பான்காரர் வந்து சேர்ந்தார். என் வயதுதான் இருக்கும். மிக மரியாதையாகக் குனிந்து வணங்கினார். சிவப்பு 'எல்' பலகையைப் பார்த்ததும் இன்னொரு முறை வணங்கினார். அது எங்களுக்கு இல்லை, அவருடைய தெய்வத்துக்கு என்று நினைக்கிறேன். பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

நான் காரைக் கிளப்பினேன். பாட்டு ஆரம்பித்தது. பின்சீட்டில் ஒரு சத்தம். திரும்பினால் மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "என் மகன் கேட்கிற பாட்டு" என்றார், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். "அவன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பான். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன்."

டீச்சர் சட்டென்று பின்னால் திரும்பி உட்கார்ந்தார். பாட்டில் அந்தப் பையன் என்னதான் சொல்லுகிறான் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜப்பான்காரர் ஒவ்வொரு வரியாகக் கேட்டுச் சொன்னார். ஒரு பையன் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வருகிறான். கையில் பால் பாக்கெட். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறான். கதவு திறந்ததும், "பால் வாங்கிட்டேன்" என்கிறான். அவ்வளவுதான் சொல்ல வருகிறது.

"அதற்குப் பிறகுதான் அந்த டிரம்" என்றார் அவர். "சொல்லாமல் விட்டதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் இந்தப் பாட்டு பிடிக்கும். அங்கே யாரும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்பதில்லை."

நான் இரண்டு இடத்தில் கியர் மாற்ற மறந்தேன். டீச்சர் கவனிக்கக்கூட இல்லை. விருந்தாளியை ஓட்டலில் இறக்கிவிட்டு, கடற்கரை ரோட்டுக்குத் திரும்பினோம்.

"அண்ணாச்சி, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன். போனை எடுத்தார். மணி அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது.

"ஏளா, சாப்ட்டியா? ... சரி. நான் ஒண்ணு கேக்கணும். உன் ஜப்பான்காரன் பாட்டு ஒண்ணு, பால் வாங்கிட்டு நடந்து வருவானே... ஆமா, அதான். நானும் கேக்கேன். மூணு வருஷமா தெனம் கேக்கேன்."

பிறகு போனிலிருந்து, மெல்லியதாக, "அம்மா..." என்று வந்தது.

டீச்சர் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கதவைத் திறந்து இறங்கினேன். நாலு டயரிலும் காற்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் முதல் டயரிலிருந்து ஆரம்பித்தேன்.