முப்பது சகோதரர்களும் ஒரு பூப்போட்ட பெட்சீற்றும்

நான் எழுதியவற்றிலேயே வாசகரை அதிகம் உலுக்கிய படைப்பு மொத்தம் மூன்று வரி. அதற்கு வாசகி ஒரே ஒருவர். படித்து இருபதாவது நிமிடத்தில் அவர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு என்னை மீட்கப் புறப்பட்டார்.

அந்த வாசகி என் அம்மா.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மொன்றியலில் பல்கலைக்கழகம், முதலாம் ஆண்டு. எனக்கு வயது பத்தொன்பது. எடை, பனிச் சப்பாத்தையும் சேர்த்து ஐம்பத்திரண்டு கிலோ. வளாகத்தில் எனக்கிருந்த ஒரே நெருங்கிய உறவு நூலகத்துப் போட்டோகொப்பி இயந்திரம். (அதுவும் பாதி நாள் என்னோடு கோபம்.)

அப்படிப்பட்டவனை ஒருநாள் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மாணவர்கள் சிலர் கூப்பிட்டு பீட்சா தந்தார்கள். மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்திருந்த ஒரு சகோதரர் சங்கம் அது. மலைச்சரிவில் ஒரு பழைய மூன்று மாடி வீடு, முப்பது அங்கத்தவர்கள். எட்டு வாரம் அவர்களுக்கு எடுபிடியாக இருந்து தேறினால், பிறகு சாகும்வரை சகோதரன். “நீயும் வா” என்றார்கள். கனடாவில் அதுவரை யாரும் என்னிடம் ‘நீயும்’ என்று சொன்னதில்லை. இரண்டாவது துண்டு பீட்சா முடிவதற்குள் சம்மதித்துவிட்டேன்.

எட்டு வாரமும் சங்கத்துக் கழிப்பறையைக் கழுவினேன். மூத்தவர்கள் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவினேன். காலை ஐந்தரைக்கு எழுந்து மலையைச் சுற்றி ஓடினேன். தலைமயிரை ஒட்ட வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். புதுப் பெயர் ஒன்றும் வைத்தார்கள்: டேர்போ, வேக எஞ்சின். (நான் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரில் இருந்த குத்தல் விளங்கும்.) எல்லாம் ரகசியம். வீட்டில் மூச்சுவிடக் கூடாது.

கடைசிக் கட்டம் ஒரு சனி, ஞாயிறு. அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். சனி காலையிலிருந்து ஞாயிறு பின்னேரம் சத்தியம் எடுக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் பேசினாலும் எட்டு வாரமும் வீண். கிரேக்கர்கள் மாதிரிச் சுற்றிக்கொள்ள ஆளுக்கொரு வெள்ளை விரிப்புக் கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் வெள்ளை இல்லை. அம்மாவின் ஊதாப் பூப்போட்டதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த மூன்று வரிக் கடிதத்தை எழுதினேன்.

‘அம்மா, நான் போகிறேன். எங்கே என்று சொல்ல மாட்டேன் எனச் சத்தியம் செய்திருக்கிறேன். தேட வேண்டாம், இனி எனக்கு முப்பது சகோதரர்கள் இருக்கிறார்கள்.’

ஞாயிறு பின்னேரம் வந்துவிடுவேன் என்று நாலாவது வரி ஒன்று மனதில் இருந்தது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

இதில் என்ன பிழை என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்க்காதவர்கள். அந்த நாட்களில் எங்கள் ஊரில் துவக்குத் தூக்க இயக்கத்துக்குப் போன பெடியன்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன கடிதம் ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல் இதுதான். பக்கத்து வீட்டு அன்ரி அப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலியடியில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை நானும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அம்மா என்னைப் பதின்மூன்று வயதில் இழுத்துக்கொண்டு நாட்டைவிட்டே வந்தார். ஆறு வருடம் கழித்து, மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில், நாலாம் மாடியில், அதை நான் எழுதிக் குளிர்ப்பெட்டியில் காந்தம் போட்டு ஒட்டிவிட்டுப் போனேன்.

வீட்டில் நடந்ததைப் பிறகு தங்கச்சி துளசி சொன்னாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது.

“மயிரை ஒட்ட வெட்டினவன்” என்று அம்மா விரல் மடக்கினாராம். “விடிய விடிய ஓடினவன், அது ரெயினிங். போன் எடுக்கிறவங்கள் வேற பேர் சொல்லிக் கேக்கிறாங்கள். இயக்கப் பேரும் வைச்சாச்சு.”

“அம்மா, இது கனடா. இஞ்ச எங்கால இயக்கம்?”

“இஞ்ச பெடியள் இல்லையோ? பெடியள் இருந்தால் அதுவும் இருக்கும்.”

அப்பா மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போயிருந்தார். துளசி என் ஜீன்ஸ் பையைத் துழாவிச் சங்கத்தின் விலாசம் போட்ட துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்தாள். (இன்றுவரை அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது.) கீழ்மாடியில் இருந்த செல்வம் அண்ணை துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்பவர், வான் வைத்திருந்தார். பதினொரு மணிக்கு மூவரும் சங்கத்து வாசலில்.

மணி அடித்தது. கதவைத் திறந்தவன் தலைவன் பிரயன். ஒன்ராறியோக்காரன், படகு வலிப்பவன், ஆறடிக்கு மேல். அன்று முழுநாளும் சடங்கு என்பதால் அவனும் வெள்ளை விரிப்பில்தான் நின்றான். ஊரில் தாய்மார் முகாம் வாசலில் போய்க் கேட்பதைப் போலவே அம்மா கேட்டார்.

“இதுக்குப் பொறுப்பாளர் ஆர்?”

துளசி ஆங்கிலத்தில் சொன்னாள். தான்தான் என்றான் பிரயன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை, உள்ளே வாருங்கள் என்று மரியாதையாகக் கூப்பிட்டான்.

“உள்ள வரமாட்டன். பிள்ளையை வெளியில விடச் சொல்லு.”

நான் வெளியே வந்தேன். நெற்றியில் நீலச் சாயத்தால் ஒரு கிரேக்க எழுத்து. உடம்பில் ஊதாப் பூ. என் பின்னால் சங்கத்தில் பாதிப்பேர்.

“அம்மா, எங்கட பெட்சீற்” என்றாள் துளசி.

“பெட்சீற் கிடக்கட்டும். ராசா, அடிச்சவங்களோ?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஏன் கதைக்கிறாயில்லை?”

உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். என் நடிப்பின் தரம் அம்மாவை மேலும் கலங்கவைத்தது.

“செல்வம், பாத்தியே. பெத்த தாயோடயும் கதைக்கக் கூடாதெண்டு சொல்லிவைச்சிருக்கிறாங்கள்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒரு சொல்லுச் சொல்லடா. விருப்பத்தோடயோ வந்தனீ?”

வேலியடியில் நின்ற அன்ரியின் முகம் இப்போது அம்மாவின் முகத்தில் இருந்தது. எட்டு வாரக் கழிப்பறையை ஒரு கணம் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

“அம்மா, இது அந்த இயக்கமில்லை. இது சும்மா படிக்கிற பெடியள் சேந்து பியர் குடிக்கிற இடம்.”

“பியரோ?” என்றார் அம்மா. ஒரு சைவத் தாய் ‘பியர்’ என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாக மூச்சுவிட்டதை நான் என் கண்ணால் கண்டேன்.

பின்னாலிருந்து பஸ்கால் இருமினான். சங்கத்தின் செயலாளர், சட்டம் படிப்பவன், விதிப் புத்தகத்தைக் குளிக்கும்போது மட்டும்தான் கீழே வைப்பான். நான் பேசிவிட்டேன் என்றான். பிரயன் என் தோளைத் தட்டினான். மன்னிக்கவேணும் டேர்போ, விதி விதிதான் என்றான்.

“அண்ணாவை விலத்திப்போட்டினம், அம்மா. கதைச்சதாலயாம்” என்றாள் துளசி.

நியாயப்படி அம்மா மகிழ்ந்திருக்க வேண்டும். என்னை வெளியே எடுக்கத்தானே வந்தார்.

“என்ன, தாயோட கதைச்சதுக்கோ?”

“எட்டுக் கிழமை கக்கூஸ் கழுவினனான், அம்மா” என்றேன் நான். (அழவில்லை. மூக்கு வடிந்தது குளிரால்.)

“வீட்டில ஒரு கோப்பை கழுவாத பிள்ளை. அவனைக்கொண்டு கக்கூஸ் கழுவுவிச்சுப்போட்டு இப்ப வேண்டாமாமோ?”

அம்மா ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் மூன்று வயதுக் குழந்தைகளுக்கானது. ஆனால் அந்த அளவில் அது பிழையில்லாத பிரெஞ்சு.

“அசியே-வூ” என்றார். உட்காருங்கள் என்று பொருள்.

விரிப்புக் கட்டிய பதினைந்து பேர் பனிபடிந்த இரும்புப் படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“அந்தச் சத்தியத்தை வாசிக்கச் சொல்லு. நான் கேக்கவேணும்.”

அது ரகசியம், வெளியாள் யாரும் இதுவரை கேட்டதில்லை என்றான் பிரயன். எனக்கு அவசரமில்லை என்று சொல்லி அம்மா இரண்டாவது கோட்டின் பொத்தானையும் போட்டுக்கொண்டார். எதிரே பேருந்துத் தரிப்பில் நின்ற சனம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. படகு வலிக்கும் பிரயன் நாலு நிமிடம் தாக்குப்பிடித்தான். பிறகு பல் கிட்டக் கிட்ட வாசித்தான். துளசி மொழிபெயர்த்தாள்: பொய் சொல்லக் கூடாது, ஒழுங்காகப் படிக்க வேண்டும், விழுந்தவனைத் தூக்கிவிட வேண்டும், ஒருவரையும் கைவிடக் கூடாது.

“இவ்வளவுதானோ?” என்றார் அம்மா. “இதைத்தானே நான் ஒவ்வொருநாளும் இவனுக்குச் சொல்லுறன். இதையேன் ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்?”

பஸ்கால் மறுபடி இருமினான். சத்தியத்தைக் கேட்ட எவரும் அங்கத்தவராக இருந்தாக வேண்டும், விதியில் வேறு வழி இல்லை என்றான். பிரயன் யோசித்து, கௌரவ அங்கத்தவராகப் போடலாம் என்றான்.

“சும்மா பேருக்காம், அம்மா.”

“சும்மா பேருக்கெண்டால் வேண்டாம். முழுசா எழுதச் சொல்லு.”

பதிவுப் புத்தகம் வந்தது. அம்மா மனோன்மணி என்று தமிழில் கையெழுத்திட்டார். அதற்கு அடுத்த வரியில் துளசி. (செல்வம் அண்ணை குளிர் தாங்காமல் வானுக்குள் போய்ப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததால் தப்பினார்.)

அதன்பிறகு புது அங்கத்தவர் மனோன்மணி தன் முதல் பிரேரணையைக் கொண்டுவந்தார்: மகனை மன்னிக்க வேண்டும். விதிப்படி அங்கே நிற்கும் அங்கத்தவர் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதினைந்து பேரும் தூக்கினார்கள். துளசி, என் வோக்மனைத் தனக்குத் தருவேனா என்று கேட்டுவிட்டுத் தூக்கினாள். அம்மா தூக்கவில்லை.

“அம்மா…” என்றேன்.

“இனி எங்க போனாலும் சொல்லிப்போட்டுப் போகவேணும். எத்தினை மணிக்கு வருவாய் எண்டும் சொல்லவேணும். கடுதாசி எழுதிவைக்கிற வேலை வேண்டாம்.”

“ஓம், அம்மா.”

“சத்தியம்?”

“சத்தியம்.”

அப்போதுதான் கை உயர்ந்தது. நான் உண்மையில் எடுத்த சத்தியம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மெழுகுதிரி வெளிச்சத்தில் எடுத்தது வெறும் சம்பிரதாயம். பிடிபட்ட பிள்ளை பசியோடு இருக்கும் என்று அம்மா கொண்டுவந்திருந்த புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பதினைந்து பேரும் உள்ளே போய்ப் பங்கிட்டார்கள். பஸ்கால் உறைப்பில் அழுதான். அம்மா அவன் முதுகைத் தடவி, அழாதே என்று அழகான பிரெஞ்சில் சொன்னார்.

அந்தப் பதிவுப் புத்தகத்தில் அம்மாவும் துளசியும் இன்றும் எனக்கு முன்னால் இருக்கிறார்கள். இளையவன் மூத்தவர்களின் கோப்பையைக் கழுவ வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஞாயிற்றுக்கிழமை குடும்பச் சாப்பாடு முடிந்ததும் துளசி கோப்பையை என் பக்கம் தள்ளி “டேர்போ” என்பாள். அவள் பிள்ளைகளும் தள்ளுவார்கள். பிரயன் புதுவருடத்துக்குப் போன் எடுத்தால் முதலில் கேட்பது ‘பிரதர் மனோன்மணி’யை.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. போன ஞாயிறு பால் வாங்க மூலைக்கடைக்குக் கிளம்பினேன். கதவடியில் சப்பாத்துப் போடும்போது அம்மா ஒன்றும் கேட்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூலைக்கடைக்குப் போறன், அம்மா. பத்து நிமிசத்தில வாறன்” என்றேன்.

நாலாவது வரியை நான் இப்போதெல்லாம் விடுவதில்லை.